எஞ்சினுக்கும் ஒரு குளியல்

கடலுக்குப் போய் வந்த எஞ்சினைக் குளிப்பாட்டாமல் என் மாமா சாப்பிட உட்கார மாட்டார். அத்தை எத்தனை முறை கூப்பிட்டாலும் சரி.

மலாய் மீனவர்கள் அதை 'எஞ்சின் சங்குட்' என்பார்கள். படகின் பின்னால் மாட்டித் தொங்குவதால் அந்தப் பெயர். மாமாவுடையது 15 குதிரைத்திறன், பழசாக வாங்கியது. வாங்கிய இரண்டாம் மாதமே பூலாவ் அங்சா பக்கம் சூடேறி நின்றுவிட்டது. படகில் மாமா, நான், என் தம்பி. கப்பல்கள் போகும் பாதையை நோக்கி நீரோட்டம் எங்களை இழுத்தது. நங்கூரம் மண்ணைப் பிடித்த பிறகுதான் மூச்சு வந்தது. ஒரு சீன மீனவர் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார். மெக்கானிக் பிரித்துக் காட்டினார்: தெர்மோஸ்டாட்டைச் சுற்றி வெள்ளையாகக் கட்டி. எல்லாம் உப்பு. முன்பு வைத்திருந்தவர் அதற்கு நல்ல தண்ணீரையே காட்டியதில்லை போலும்.

கார் போல இதற்கு ரேடியேட்டர் கிடையாது. கீழே சுழலும் ரப்பர் இம்பெல்லர் கடல்நீரையே உறிஞ்சி மேலே அனுப்பி எஞ்சினைக் குளிர்விக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. ஈரம் காய்ந்ததும் உப்பு மட்டும் உள்ளே தங்கி, வழியை அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மாமா எஞ்சினை நிமிர்த்தி மாட்டி, நீர் உறிஞ்சும் துளைகள் நன்றாக முழுகும்படி டிரம்மில் பைப்புத் தண்ணீர் நிரப்புவார். தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்தால் இம்பெல்லர் சில விநாடிகளிலேயே கெட ஆரம்பிக்கும். கியர் நியூட்ரலில், பத்து நிமிடம் மெதுவான ஓட்டம். எஞ்சின் சூடேறித் தெர்மோஸ்டாட் திறந்தால்தான் நல்ல தண்ணீர் எல்லா இடத்துக்கும் போகும். இரண்டே நிமிடத்தில் நிறுத்துவது வெறும் கண்துடைப்பு. பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். "சின்னப் பையன் ஒண்ணுக்குப் போற மாதிரி அடிக்கணும்மா. சொட்டுச்சுன்னா இம்பெல்லரப் பாக்கணும்." முடிந்ததும் படுக்க வைக்க மாட்டார், தண்ணீர் வடியும்வரை நின்றபடியே இருக்கும்.

புதிய எஞ்சின்கள் பலவற்றில் ரப்பர் குழாயை நேரே மாட்டும் வாய் உண்டு. பெரும்பாலும் அதில் எஞ்சினை ஓடவிடக் கூடாது, கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

சிலாங்கூரில் நீர் விநியோகத் தடை என்று நான் வானொலியில் அறிவித்தால், பாட்டு முடிவதற்குள் மாமாவின் அழைப்பு வந்துவிடும்.

"எத்தன மணிக்கும்மா நிக்குது? டிரம்ம ரொப்பி வைக்கணும்."