சீனடி கற்றவன் ஓடலாமா?

2018 மார்ச்சில் திகனையில் கடைகளும் பள்ளிவாசலும் எரிந்தன. 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது. மறுநாளே வன்முறை கண்டி - மாத்தளை வீதியிலுள்ள அக்குறணை வரை வந்துவிட்டது. அதன் பிறகு எங்களூர்ப் பையன்கள் சிலர் கராத்தே வகுப்பில் சேர்ந்தார்கள். "சேர், பழகினால் தப்பலாமா?" என்று என்னிடம் கேட்டார்கள்.

நானும் சிறுவயதில் கிழக்கிலிருந்து வந்த அண்ணாவியார் ஒருவரிடம் சீனடி, சிலம்படி பழகியவன்தான். கம்பைவிடக் காலடிக்கே அவர் கூடுதல் நேரம் கொடுத்தார். எதிராளியின் கம்பு எட்டாத தூரத்தில் நிற்பதும் விலகி அடிவைப்பதுமே முதற்பாடம்.

களரியில் எதிரே நிற்பவன் ஒருவன். சலாம் வைத்துவிட்டே தொடங்குவான். தெருவில் அப்படியில்லை. குடித்துவிட்டுக் கைநீட்டும் ஒருவனின் பிடியை உதறி விலக இந்தப் பயிற்சி உதவும். கல்லும் பெற்றோல் போத்தலுமாக வரும் நூறு பேருக்கு முன்னால் எந்த அடியும் எடுபடாது. அங்கே கம்பெடுத்து நிற்பவன், உள்ளேயிருக்கும் பெண்டு பிள்ளைகளையும் சேர்த்தே ஆபத்தில் வைக்கிறான்.

அந்த வாரம் எங்களுக்குத் தைரியம் தந்தது, இரவெல்லாம் பின்கதவைத் திறந்தே வைத்திருந்த பக்கத்துச் சிங்கள வீடுதான்.

"பழகுங்கள்" என்றேன் பையன்களிடம். "பயத்தில் கைகால் விறைக்காது. ஆனால் விலகும் அடியை முதலில் பழகுங்கள். அயல்வீட்டாரோடு பேசுவதையும் விட்டுவிடாதீர்கள்."