ஃபுல் டேங்க்கும் பெட்ரோல் வாடையும்

பழைய வேன்ல குடும்பத்தோட ஊருக்குப் போறவரா நீங்க? டேங்க் நிரப்பின அன்னிக்கு மட்டும் பெட்ரோல் வாடை அடிச்சா, பெரும்பாலும் டேங்க்கோட மேல்பக்க ஹோஸ்லதான் கசிவு. அரை டேங்க்ல அது தெரியவே தெரியாது. வயசான ரப்பர் விரிசல் விடும்; 2025ல் நாடெங்கும் பரவலாகிவிட்ட 20 சதவீத எத்தனால் பெட்ரோல் அதை இன்னும் சோதிக்கும்.

எங்க வேனுக்கு டேப் சுத்தித் தரேன்னார் மெக்கானிக். பின்சீட்ல பிள்ளைங்க தூங்கற வண்டிங்க! எத்தனால் தாங்கற ஹோஸா வாங்கி, கிளிப்போட எல்லாத்தையும் மாத்தச் சொன்னேன். டேங்க்கைக் காலி பண்ணி, பேட்டரி வயரைக் கழட்டி, வெட்டவெளியில் வேலை நடந்தது.

பேங்க்காரன் கணக்கு இதுதான்: ஒரு ஹோஸ் போச்சுன்னா, மத்ததுக்கும் அதே வயசுதானே? கிளம்பறதுக்கு முந்தின நாளே டேங்க் நிரப்பி, வண்டிக்கு அடியில எட்டிப் பார்த்துடுங்க.