மாதா குளக்கரையில்

வேளாங்கண்ணியில், பால் கொண்டுசென்ற சிறுவனிடம் அன்னை தம் திருக்குமாரனுக்காகப் பால் கேட்டதாக மரபு கூறும் இடம் மாதா குளம். நாகையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ மீட்டர். பேருந்தில் உறங்கிப்போன இரண்டு வயது மகளைத் தோளில் சுமந்து சென்றோம். எங்களைப் போன்றே பிள்ளையைத் தத்தெடுத்த நான்கு குடும்பங்கள், ஓராண்டுக்குப் பின் மீண்டும் அங்கே கூடின.

மூத்த தம்பதியர் 1985-இல் மகனை ஏற்றபோது, கிறிஸ்தவர்க்குத் தத்துரிமை தரும் சட்டம் இல்லை. 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் 'பாதுகாவலர்' மட்டுமே. எங்கள் மகளோ 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி முழு உரிமையுள்ள மகள்.

"உண்மையை இவளிடம் எப்போது சொல்வது?" என வினவினோம்.

"இன்றே கதைபோலச் சொல்லத் தொடங்குங்கள், பிறர் வாயால் அறிந்தால் பிள்ளை மனம் புண்படும்" என்றார் அம்மூதாட்டி. அருகே நின்ற மகன் ஆமெனத் தலையசைத்தார்.

ஏட்டில் பாதுகாவலர், வாழ்வில் பெற்றோர். புனித சூசையப்பரின் வழியும் அதுவன்றோ!