ஏக் சீதா, ஏக் உல்டா

தஞ்சை மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குளிர் என்பது மார்கழி மாதத்து விடியற்காலையோடு முடிந்துபோகும் ஒரு செய்தி. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு டம்ளர் காப்பி அருந்தினால் அதுவும் போய்விடும். கம்பளி என்றால் நாங்கள் அறிந்தது, அறுவடைக்குப் பின் வயலில் ஆட்டுக்கிடை போட வருகிறவரின் தோளில் கிடக்கும் கருங்கம்பளி ஒன்றே. அதைக் குழந்தைக்கும் போர்த்துவார்கள், அதுவும் ஒரு வேலைப்பாடாகச் செய்யப்படும் என்பதெல்லாம் எங்கள் கற்பனைக்கு எட்டாதவை.

நாங்கள் இருவரும் ஓரகத்திகள். அண்ணன் தம்பி இருவருக்கும் தில்லியில் மத்திய அரசு உத்தியோகம். மூத்தவள் 1976ஆம் ஆண்டிலும் இளையவள் 1978ஆம் ஆண்டு ஆவணியிலும் இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தோம். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், நாலு பேர். அந்த ஆண்டுக் கார்த்திகையில் சிமெண்டுத் தரை காலைக் கடிக்கத் தொடங்கியபோது, தில்லியில் குளிர்காலம் கழித்த தமிழ்க் குடும்பத்தார் அனைவரும் அறிந்த அந்தக் காட்சி எங்கள் கண்ணிலும் பட்டது. காலை பத்து மணிக்கு மேல், வெயில் நன்றாக இறங்கியதும், குடியிருப்பின் நடுவே இருந்த புல்வெளிக்குக் கயிற்றுக் கட்டில்கள் வந்துவிடும். அவற்றின்மீது வரிசையாகப் பெண்கள். வேர்க்கடலைத் தோல் ஒரு பக்கம் குவியும். ஊர்வம்பு ஒரு பக்கம் நடக்கும். கண்ணோ கருத்தோ செல்லாமலேயே கைகள் மட்டும் ஊசிகளை ஆட்டிக்கொண்டிருக்கும். பேருந்திலும் அப்படியே. அலுவலகங்களிலும் அப்படியே என்று வீட்டு ஆண்கள் வந்து சொல்லிச் சிரிப்பார்கள்.

நாங்களும் சிரித்தோம். கோலம் போடத் தெரிந்தவர்கள், பூத்தொடுக்கத் தெரிந்தவர்கள், வயர்க்கூடையில் சிவன் கண் பின்னத் தெரிந்தவர்கள் நாங்கள். இந்த வித்தை ஒரு பிற்பகல் வேலை என்று எண்ணினோம்.

எங்களுக்கு வாய்த்த ஆசிரியை எதிர்வீட்டு மூதாட்டி. எல்லாரும் அவரைப் 'பீஜி' என்றே அழைப்பார்கள். தாய்க்கும் பாட்டிக்கும் உரிய பஞ்சாபிச் சொல் அது. 1965ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பள்ளி மாணவிகளாக இருந்த எங்களுக்கு இந்தி ஓர் எழுத்தும் தெரியாது. அவருக்குத் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே புதிது. இரண்டு ஊசிகளையும் ஓர் உருண்டை நூலையும் எங்கள் கையில் திணித்து அவர் பாடத்தைத் தொடங்கினார். "ஏக் சீதா, ஏக் உல்டா. ஏக் சீதா, ஏக் உல்டா." வடநாட்டில் எந்தக் காரியத்தையும் சீதாப்பிராட்டியின் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவார்கள் போலும் என்று நாங்கள் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பீஜி எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். 'சீதா' என்றால் நேர், 'உல்டா' என்றால் தலைகீழ் என்று விளங்க மூன்று நாட்கள் ஆயின.

கற்கப் புகுவோரை முதலில் ஏய்ப்பது ஊசியின் எண். இப்போது ஊசிகளை மில்லிமீட்டர் கணக்கில் விற்கிறார்கள். அப்போது எண் ஏற ஏற ஊசி மெலியும். 12ஆம் எண் ஊசி 8ஆம் எண்ணைவிட மிக மெல்லியது. இன்னும் சற்றுப் பெரியதாக வாங்கி வாருங்கள் என்று ஆண்களில் ஒருவரைச் சரோஜினி நகர் சந்தைக்கு அனுப்ப, அவர் 14ஆம் எண் ஊசியை வாங்கி வந்து வெற்றியோடு நீட்டினார். அது காது குடையலாம் போல் இருந்தது.

இரண்டாவது ஏமாற்றம் எங்கள் கையிலேயே இருந்தது. முதல் வரிசைக் கண்ணிகளை ஊசியில் ஏற்றும்போது, பூத்தொடுக்கும் பழக்கத்தால், ஒவ்வொன்றையும் இழுத்து இறுக்கினோம். இறுகிய கண்ணிக்குள் மறு ஊசி நுழையவே இல்லை. பீஜி இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து, அவற்றின்மேல் கண்ணிகளை ஏற்றச் செய்து, முடிந்ததும் ஓர் ஊசியை உருவினார். கண்ணிகள் மூச்சு விட்டன. பூச்சரத்தில் ஒவ்வொரு பூவையும் ஒரு முடிச்சுத் தாங்குகிறது. ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் மற்றவை நிற்கும். இதிலோ முடிச்சு என்பதே கிடையாது. ஒரு கண்ணிக்குள் மறு கண்ணி, அதற்குள் இன்னொன்று. ஆயிரக்கணக்கான கண்ணிகளும் ஒரே நூல். நுனியைப் பிடித்து இழுத்தால் அத்தனையும் போய்விடும். இதை அறிவதற்கே எங்களுக்கு ஒரு குளிர்காலம் தேவைப்பட்டது. கண்ணிக்கு அவர் சொல்லும் சொல் 'ஃபந்தா'. அதற்குச் சுருக்கு என்றும் பொருள் உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம். நம் 'கண்ணி'யையும் வேடன்தானே வைக்கிறான்!

நூலைப் பின்புறம் வைத்து, ஊசியை முன்னிருந்து பின்னாகச் செலுத்தி இழுத்தால் சீதா. நூலை முன்னே கொணர்ந்து, ஊசியைப் பின்னிருந்து முன்னாகச் செலுத்தினால் உல்டா. இவை இரண்டும் இரண்டல்ல. ஒரு பக்கத்தில் சீதாவாக இருப்பதே மறுபக்கத்திலிருந்து பார்த்தால் உல்டா. ஒரு வரிசை முழுதும் சீதா, திரும்பும் வரிசை முழுதும் உல்டா என்று போட்டால், முகப்பில் நெற்கதிரின் மணிகள் இருபுறமும் சாய்ந்திருப்பதுபோல் ஓர் அழகு தோன்றும். முதுகில் கேழ்வரகு கொட்டியதுபோல் மேடுகள் தோன்றும். ஆனால் அத்துணி ஓரத்தில் அப்பளம்போல் சுருளும். அதனால்தான் அடிக்கரைக்கும் மணிக்கட்டுக்கும் ஒரு கண்ணி சீதா, ஒரு கண்ணி உல்டா என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். அது சுருளாது, இழுத்தால் விரியும், விட்டால் உடம்பைப் பற்றும்.

இந்த அதிசயத்தை வியந்துகொண்டிருந்த ஒரு நாள், கொடியில் உலர்ந்த எங்கள் வீட்டுத் திருப்பூர்ப் பனியன் ஒன்றைப் பீஜி எடுத்து விரித்துக் காட்டினார். அதே நெற்கதிர்கள், உள்ளே அதே கேழ்வரகு! 1589ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியை அமைத்தார். அந்த வழியில் வந்த இயந்திரங்கள் கையின் வேலையை அப்படியே செய்கின்றன என்று எங்கோ படித்தது பின்னாளில். பிறந்தது முதல் கண்முன் உலர்ந்த ஒரு பொருளை நாங்கள் பார்த்ததே இல்லை என்பதை அன்று அறிந்தோம்.

ஆறு அங்குலம் பின்னிய பெருமையோடு ஒரு நாள் பீஜியிடம் காட்டினோம். அவர் விரலால் கீழிருந்து தடவிக்கொண்டே வந்து, நாலாவது வரிசையில் நழுவிப்போன ஒரு கண்ணியைக் கண்டார். அதிலிருந்து ஏணிப்படிபோல் ஓர் இடைவெளி மேலே ஏறியிருந்தது. குரோஷா ஊசியால் அதைப் பிடித்து ஏற்றிவிடலாம். அவருக்கும் அது தெரியும். ஆனால் எங்கள் ஓரங்கள் இரண்டும் கோணலாக இருந்தன. இருபதில் தொடங்கிய கண்ணிகள் இருபத்தாறு ஆகியிருந்தன. "உதேடோ" என்றார். எங்கள் முகத்தையும் பாராமல் ஊசியை உருவி, நூலை இழுத்தார். ஒரு வாரத்து உழைப்பு அரை நிமிடத்தில் சுருள் சுருளான நூலாக மடியில் கிடந்தது. இந்தக் கிழவிக்கு என்ன அதிகாரம் என்று தமிழில் பேசிக்கொண்டோம். தமிழ் தெரியாவிட்டாலும் அவருக்குப் பொருள் புரிந்திருக்க வேண்டும். பிரித்த நூலை எப்படிக் கழியாகச் சுற்றிப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் சுருள் போகும் என்பதையே அன்று மாலை முழுதும் எங்களுக்குக் கற்றுத்தந்தார். நாங்கள் சரியாக முகம் கொடுக்கவில்லை.

பரம்பரையாக வந்த கைத்திறன் என்றே நாங்கள் அதுவரை நினைத்திருந்தோம். அப்படி இல்லை. லாயல்பூரில், 1977ஆம் ஆண்டிலிருந்து பைசலாபாத் என்று வழங்கும் அந்த ஊரில், நல்ல வசதியான வீட்டு மருமகளாக இருந்தவரை அவர் ஊசியைத் தொட்டதில்லையாம். 1947இல் தில்லிக்கு வந்து கிங்ஸ்வே அகதி முகாமில் இருந்தபோது, கூலிக்காகப் பின்னக் கற்றாராம். அப்போது அவருக்கு வயது முப்பது. "என்னுடையதை எத்தனை முறை பிரித்தார்கள் தெரியுமா?" என்றார். 1962ஆம் ஆண்டுச் சீனப் போரின்போது எல்லையில் நின்ற வீரர்களுக்காகத் தெருத்தெருவாகப் பெண்கள் பின்னியதையும் சொல்வார். அதில் தாம் எத்தனை பின்னினோம் என்று அவர் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

1979 ஐப்பசியில் இளையவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. நூறு கிராம் மெல்லிய வெள்ளைக் கம்பளியில், அங்குலத்துக்கு 7 கண்ணி, முதுகுக்கு 10 அங்குலம், ஆக 70 கண்ணி என்று கணக்கிட்டு, 12ஆம் எண்ணில் கரையும் 10ஆம் எண்ணில் உடலுமாக எங்கள் முதல் சட்டையைப் பின்னி முடித்தோம். குளிர் நாலு பாகைக்கு இறங்கிய ஒரு காலையில் குழந்தைக்கு மாட்டினோம். கழுத்து தலையில் பாதி இறங்கி நின்றுவிட்டது. கீழேயும் வரவில்லை, மேலேயும் போகவில்லை. உள்ளே குழந்தை வீறிட்டு மூச்சுக்குத் தவித்தது. மூத்தவள் கத்தரிக்கோலைத் தேடி ஓடினாள். இளையவள் அழுதுகொண்டே கதவைத் திறந்து பீஜியை அழைத்தாள். அவர் வந்து, இரண்டு விரலைக் கழுத்துக்குள் விட்டு, ஓரத்து நூல் ஒன்றைப் பல்லால் கடித்து அறுத்தார். கழுத்து விரிந்தது. வியர்த்துச் சிவந்த முகம் வெளியே வந்தது.

கழுத்தின் கடைசி வரிசையை முடிக்கும்போது ஓர் அளவு பெரிய ஊசியால் தளர்வாக முடிக்க வேண்டும்; சிறு குழந்தைக்குத் தலைதான் பெரிது, ஆகவே தோளில் திறப்பு விட்டுப் பித்தான் வைக்க வேண்டும். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டியது என் கடமை என்று பீஜி தம்மையே கடிந்துகொண்டார். எங்களை ஒரு சொல்லும் சொல்லவில்லை.

1981 ஜனவரியில் அவர் கிளிப்பச்சை நூலில் அந்தக் குழந்தைக்கு ஒரு சட்டை தொடங்கினார். வளரும் பிள்ளை, அடுத்த ஆண்டுக்கு ஆகட்டும் என்று பெரிதாகவே பின்னினார். முதுகு முடிந்தது. முன்பாகம் அக்குள் வரை வந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் இரவு தூக்கத்திலேயே அவர் மறைந்தார். பதின்மூன்று நாட்கள் கழிந்தபின் அவருடைய மருமகள், ஊசி செருகியபடியே அதை ஒரு துணிப்பையில் போட்டு எங்களிடம் கொடுத்தார்.

எங்கள் இருவருக்குள் நேர்ந்த பெரிய சச்சரவு அதனால்தான். அவர் கை தளர்ந்த கை. எங்கள் கை இறுகிய கை. அதே ஊசியில் அவருக்கு அங்குலத்துக்கு 7 கண்ணி என்றால் எங்களுக்கு 8. தொடர்ந்து பின்னினால் சேர்த்த இடம் தெரியும். பிரித்துவிட்டு முழுதும் நாமே பின்னலாம் என்றாள் மூத்தவள். "பீஜி இருந்தால் பிரித்துத்தான் போடுவார்" என்றாள், அது உண்மையும்கூட. "அவர் பிரிக்கலாம் அக்கா, நாம் பிரிக்கக்கூடாது" என்று சொல்லி இளையவள் பையை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். பதினைந்து நாள் நாங்கள் சமையலைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டோம். பிறகு மூத்தவளே சந்தைக்குப் போய் 9ஆம் எண் ஊசி வாங்கி வந்தாள். தடித்த ஊசியில் பின்னினால் எங்கள் இறுக்கம் சற்றுக் குறையும் அல்லவா? குறைந்தது. ஆனாலும் மார்புக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. எத்தனை முறை துவைத்தும் அது போகவில்லை.

அதை அணிந்தவனுக்கு இப்போது நாற்பத்தைந்து கடந்துவிட்டது. அரசுக் குடியிருப்பை விட்டுத் துவாரகையில் அடுத்தடுத்த அடுக்கு வீடுகளில் நாங்கள் குடியேறியும் பல ஆண்டுகள் ஆயின. சட்டை அந்துருண்டையோடு பெட்டியில் இருக்கிறது. சென்ற மார்கழியில் வந்திருந்த ஒன்பது வயதுப் பேத்தி அதை விரித்துப் பார்த்து, கோட்டின்மேல் நகத்தை ஓட்டி, "பாட்டி, இதில் எது நீங்கள் பின்னியது? மேலேயா, கீழேயா?" என்று கேட்டாள்.

8ஆம் எண் ஊசியில் இருபது கண்ணி ஏற்றிக் கொடுத்தோம். இரண்டு நாளில் மூன்று அங்குலம் பின்னிக் கொண்டுவந்தாள். எண்ணினோம், இருபத்துமூன்று இருந்தன. மூத்தவள் இளையவளைப் பார்த்தாள். ஊசியை உருவி, நூலின் நுனியைக் குழந்தையின் கையிலேயே கொடுத்தோம். அவள் மெதுவாக இழுத்தாள். கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும் மெல்லிய ஓசையைக் கேட்டு, இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.