டெஸ்டில் வரவில்லையே என்றேன்

என் மருமகள் நடிக்கிறாள் என்று சொன்னவள் நான். அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொந்தபந்தம் முழுக்கச் சொன்னேன். அது அதைவிடக் கேவலம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தணலில் சாம்பிராணி தூவி அறை அறையாகப் புகை காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். புகை கிளம்பியதுமே அவள் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். இறங்கி வரும்போது கண் சிவந்திருக்கும். பேச்சுக்கு நடுவே இருமுவாள். ராத்திரி இளைப்பு சத்தம் எனக்கே கேட்கும். ஆனால் விளக்கேற்றும் நேரத்தில் வீட்டுப் பெண் மாடியில் நிற்கிறாளே என்பதுதான் என் மனதில் நின்றது.

அலர்ஜி டெஸ்டுக்கு நான்தான் துணைக்குப் போனேன். முன்கையில் பேனாவால் குறி போட்டு, சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஊசி முனையால் லேசாகக் குத்தினார்கள். கால் மணி நேரத்தில், ஒப்பிட்டுப் பார்க்க வைத்த ஹிஸ்டமின் சொட்டைத் தவிர, ஒரே இடம்தான் கொசு கடித்தாற்போலத் தடித்தது. மெத்தையிலும் தலையணையிலும் இருக்கும் தூசி உண்ணிக்கான சொட்டு அது. பட்டியலில் சாம்பிராணியே இல்லை. "தூசிதான் ஆகாதாம், புகைக்கு டெஸ்டில் ஒன்றும் வரலையே" என்று அன்றே நாத்தனார்களுக்கு போன் போட்டேன்.

புகைக்கு அந்த டெஸ்டே கிடையாது. ஒரு பொருளுக்கு எதிராக உடம்பு உண்டாக்கி வைத்திருக்கும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத்தான் அது காட்டும். புகை கெடுதல் செய்ய அந்தப் புரதம் வேண்டியதில்லை. உண்ணியால் ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூச்சுக்குழாயில் நுண்துகள் பட்டாலே சுற்றியுள்ள தசை இறுகும், சளி சுரக்கும், வழி குறுகும். ஊதுவத்தி, பெயின்ட் வாடை, மிளகாய் வறுக்கும் நெடி, ரூம் ஸ்பிரே எல்லாமே இப்படித் தூண்டிவிடக்கூடியவை.

மழைக்காக ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, அவளை நெபுலைசர் வைக்கத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் இதையெல்லாம் விளக்கியபோது மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். டெஸ்ட் அன்றைக்கே நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என் பேச்சு பொய்யாகிவிடும் என்று உள்ளூரத் தெரிந்துதான் கேட்காமல் இருந்தேன்.

கொசுவத்திச் சுருளையும் அவள் கட்டிலுக்கடியில் நான்தான் கொளுத்தி வைப்பேன், பேரனைக் கொசு கடிக்கக் கூடாதென்று. சீன, மலேசியச் சுருள்களை எரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2003இல் வந்திருக்கிறது: ஒரு சுருளின் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமமாம். குழந்தையும் அதே அறையில்தான் படுத்திருந்தான்.

இப்போது வீட்டில் கொசுவலைதான், சாம்பிராணியை நிறுத்திவிட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அத்தை" என்றாள். அவள் விடலாம், நான் பரப்பிய பேச்சை நான்தான் அள்ள வேண்டும். நாத்தனார்களுக்கு மறுபடி போன் போட்டு, நான் சொன்னது அபாண்டம் என்றேன். சின்னவள் மட்டும், "மகனுக்காக விட்டுக்கொடுத்துப் பேசுறீங்க அண்ணி" என்கிறாள். அவள் வீட்டுக்கு நேரில் போய்ப் பேசப்போகிறேன்.