செவ்வாய்க்கு ஒரு டவுன் பஸ்!

செவ்வாய் கிரகம் போக ராக்கெட் எல்லாம் வேண்டாம் பாஸ். திருச்செந்தூர் வந்து பஸ் பிடிங்க. மேற்கே காயாமொழி பக்கம் போனால் குதிரைமொழித் தேரி. கண்ணுக்கு எட்டின வரைக்கும் சிவப்பு... சிவப்பு... சிவப்பு மணல் மேடு!

தாவரவியல் படிக்கிற நண்பனோட வகுப்பு கிளம்பியது. இன்ஜினீயரிங் ஆசாமியான நானும் ஓசியில் ஒட்டிக்கொண்டேன். வழிகாட்ட ஒரு பேராசிரியர், கூடவே பனையேறும் அண்ணாச்சி ஒருத்தர்.

காலை ஆறு மணி. "செருப்பைக் கழட்டிருங்க தம்பி. வெயிலு ஏறுனா நீங்களே மாட்டிக்கிடுவீய" - இது அண்ணாச்சியின் முதல் உத்தரவு. வெறுங்காலில் நடந்தால், மணல் மைதா மாவு மாதிரி வழுக்குகிறது. இரண்டு அடி ஏறினால் ஒரு அடி சறுக்கல். நம்ம அரியர் கணக்குதான்!

'ஏன் சார் இவ்வளவு சிவப்பு?' என்று கேட்டோம். மணல் துகள் ஒவ்வொன்றின் மேலும் இரும்பு ஆக்ஸைடு பூச்சு. சுருக்கமா சொன்னா, துரு! ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே சீறி வரும் தென்மேற்குக் காற்று, பல ஆயிரம் வருஷமாக இந்த மேடுகளைக் குவித்திருக்கிறது. இந்தத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி ஸாய்னரும் ஆல்சினும் 1956-லேயே எழுதியிருக்கிறார்கள். ஆக, இங்கே நமக்கு முன்னாலேயே ஆள் நடமாட்டம் உண்டு.

சத்து இல்லாத மண். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். இதில் எப்படி மரம்? அண்ணாச்சி முழங்கை ஆழத்துக்குக் கையாலேயே தோண்டினார். அட, ஈரம்! மழை ஓடி வீணாகாமல் அப்படியே உள்ளே இறங்குகிறது. மேலே காய்ந்த மணல் மூடி மாதிரி அதைக் காக்கிறது.

உடை மரத்தைப் பாருங்க. விரித்த குடை மாதிரி தலை, ஊசி முள், பொடிப்பொடி இலை. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவு பண்ணத்தான் அந்தச் சைஸ். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதற்குச் சொந்த ஊர். பக்கத்தில் கொழுஞ்சி, வேர் முடிச்சில் நைட்ரஜன் பிடித்து மண்ணுக்கே சோறு போடுகிறது. பனையோ, கொத்துக் கொத்தான சல்லி வேரால் மணலை இறுக்கிப் பிடித்திருக்கிறது. நடுவே தெரியும் கொல்லாமரம் மட்டும் வெளியூர்க்காரர். பிரேசிலில் இருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது.

இப்போ என் டர்ன். பழைய ஸ்பீக்கரில் கழட்டின காந்தத்தை மணலில் ஓட்டினேன். கறுப்புத் துகள்கள் மீசை மாதிரி ஒட்டின. இந்த மணலில் இல்மனைட்டும் உண்டு, அதாவது டைட்டானியத்தின் மூலப்பொருள்! "அண்ணாச்சி, உங்க காலுக்குக் கீழ புதையல்!" என்று குதித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "தெரியும் தம்பி. 2007-ல சாத்தான்குளம் பக்கம் இதுக்குத்தான் ஆலை கட்ட வந்தாவ. ஊரே எதுத்துச்சு, நின்னு போச்சு. மணலை அள்ளுனா உடையும் பனையும் எதுல நிக்கும்? நான் எதுல ஏற?"

கோர் கம்பெனி வேலைதான் என் கனவு. டைட்டானியமும் நாட்டுக்கு வேணும். அண்ணாச்சிக்குப் பனையும் வேணும். நாலு வருஷப் படிப்பில் இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டியதில்லை. காந்தத்தைத் துடைத்துக் கறுப்புத் துகளைத் தேரியிலேயே உதிர்த்துவிட்டு பஸ் ஏறினேன்.

நீங்களும் போங்க. வனத்துறையில் கேட்டுக்கொண்டு, உள்ளூர்க்காரர் துணையோடு, ரெண்டு லிட்டர் தண்ணீரோடு. பத்து மணிக்குள் திரும்பிடுங்க. விடை கிடைச்சா எனக்கும் சொல்லுங்க!