மணலுக்குப் போன பெருமை

பாஞ்சாலங்குறிச்சி என்றதும் கட்டபொம்மனும் இடிக்கப்பட்ட கோட்டையும்தான் நினைவுக்கு வரும். அதே ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில், கிழக்கே கடலோரத்தில், வேப்பலோடை என்றொரு ஊர் இருக்கிறது. 1973-இல் அங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சுவாமியும் அவருடைய குழுவினரும் உருண்டை வளர்ப்பு முத்தை இந்தியாவில் முதன்முதலாக உண்டாக்கிக் காட்டினார்கள். அவர்கள் கையாண்ட முறை, முத்தைப் பற்றி நாம் நம்பிவந்த ஒரு கதையைப் பொய்யாக்கிவிடுகிறது. சிப்பிக்குள் மணல் விழுகிறது, உறுத்தல் தாங்காமல் சிப்பி அதன்மேல் பூசிப் பூசி முத்தாக்குகிறது என்பது அந்தக் கதை. முத்து வளர்ப்பில் உருண்டையான ஒரு ஓட்டுமணியைச் சிப்பியின் உடலுக்குள் வைக்கிறார்கள். அதோடு வேறொரு சிப்பியின் மேன்டில் சவ்வை, அதாவது ஓட்டின் உட்புறத்தை ஒட்டிக் கிடக்கும் மெல்லிய சதையை, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு நறுக்கி மணியோடு ஒட்டி வைக்கிறார்கள். அந்தத் துண்டின் செல்கள் பெருகி மணியைச் சுற்றி ஒரு பையாக மூடிக்கொள்கின்றன. முத்தைச் சுரப்பது அந்த முத்துப் பைதான். சவ்வுத் துண்டை விட்டுவிட்டு மணியை மட்டும் வைத்தால், மணி எவ்வளவு உறுத்தினாலும் முத்து விளையாது. இயற்கையிலும் காயத்தாலோ ஒட்டுண்ணியாலோ அந்தச் செல்கள் இடம்பெயர்ந்து சதைக்குள் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. மணலுக்குக் கொடுத்த பெருமை செல்லுக்குச் சேர வேண்டியது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். தூத்துக்குடி உப்பளங்களில் பாத்தியில் நீரைப் பாய்ச்சி வெயிலில் விட்டால் உப்பு தானே படிகமாகிறது. அதற்கு எந்த உயிரும் வேண்டியதில்லை. கால்சியம் கார்பனேட்டும் அப்படிப் படியக் கூடியதுதானே, செல் எதற்கு? படிகமாவது வேதியியல்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் எந்தப் படிகம், எந்தத் திசையில், எவ்வளவு பருமனில் என்பதை வேதியியல் மட்டும் முடிவு செய்வதில்லை. ஒரே சிப்பியின் ஓட்டில் வெளிப்பக்கம் கால்சைட்டாகவும் உள்பக்கம் அரகோனைட்டாகவும் அதே பொருள் இரண்டு விதமாகப் படிகிறது. 1996-இல் வெளியான ஆய்வொன்றில், அரகோனைட் அடுக்கிலிருந்து எடுத்த புரதக் கலவையைக் கைட்டினும் பட்டுப்புரதமும் சேர்ந்த தளத்தில் இட்டபோது அரகோனைட் விளைந்தது. கால்சைட் அடுக்கின் புரதங்களை இட்டபோது கால்சைட் விளைந்தது. 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முத்துச் சிப்பியில் பிஃப் என்ற புரதத்தைக் கண்டார்கள். அதன் உற்பத்தியைக் குறைத்ததும் முத்தடுக்கின் ஒழுங்கு கலைந்துபோனது. சுமார் அரை மைக்ரான் பருமனுள்ள தகடுகள் ஒழுங்காக அடுக்கியிருப்பதால்தான் ஒளி அங்கே சிதறிக் கலந்து முத்துக்கு அந்த மினுக்கம் வருகிறது. ஒழுங்கு போனால் மிஞ்சுவது சுண்ணாம்புதான்.

அந்தப் புரதங்கள் செல்லுக்கு வெளியே வந்து சேரும் வழியில்தான் எனக்கு அதிக வியப்பு. அவை செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலை என்ற சவ்வு அமைப்பில் உருவாகி, மடிந்து, சின்னச் சின்னப் பைகளில் ஏறி, கோல்கை உறுப்புக்குப் போய் மெருகேறி, செல்லின் விளிம்புக்குப் பயணப்படுகின்றன. இந்தப் பைகளையும் உறுப்புகளையும் உருவாக்குவதும் புரதங்களே. கொழுப்பு மூலக்கூறுகள் நீரில் தாமே குமிழியாகும் என்பது உண்மை. ஆகவே சவ்வுப் பைகளுக்குப் புரதம் எதற்கு என்று கேட்கலாம். தானே உண்டாகும் குமிழிக்கு எதை ஏற்றுவது, எப்போது கிளம்புவது, எங்கே போய்ச் சேர்வது என்பது தெரியாது. எண்டோபிளாச வலையின் சவ்வில் காப்-2 என்ற புரதக் கூட்டம் ஒன்றுகூடி, சவ்வை வளைத்து, சரக்கைத் தேர்ந்தெடுத்து, பையைக் கிள்ளி எடுக்கிறது. அப்படிக் கிள்ளும் பை வழக்கமாக 60 முதல் 90 நானோமீட்டர்தான். நம் தோலுக்கும் எலும்புக்கும் வேண்டிய கொல்லாஜன் முன்வடிவமோ 300 நானோமீட்டர் நீளம். அது எப்படி ஏறும்? 2009-இல் டாங்கோ-1 என்ற புரதத்தின் பங்கு தெரிய வந்தது. அது ஒரு புறம் கொல்லாஜனையும் மறுபுறம் காப்-2 கூட்டத்தையும் பிடித்துக்கொண்டு, சரக்கு ஏறும் அளவுக்கு வாசல் பெரிதாக வழிசெய்கிறது. சரக்கின் அளவை அறிந்து வாகனத்தின் அளவு அங்கேயே தீர்மானமாகிறது.

செல்லின் ஒரு உறுப்பு முழுவதன் அளவும் இப்படித்தான் தீர்மானமாகிறது. எண்டோபிளாச வலையில் மடியாத புரதங்கள் தேங்கினால், அந்தச் சவ்வில் பதிந்திருக்கும் ஐர்-1 என்ற புரதம் அதை உணர்கிறது. 1993-இல் கசுதோஷி மோரியும் பீட்டர் வால்டரும் தனித்தனியே இதை ஈஸ்டில் கண்டறிந்தார்கள். ஐர்-1 ஒரு தூது ஆர்.என்.ஏ.வை வெட்டுகிறது; வெட்டிய துண்டுகள் மறுபடி ஒட்டப்பட்டதும் செய்தி செல்லின் கருவுக்குப் போக, வலையை விரிக்கும் மரபணுக்கள் இயங்குகின்றன. வலை பல மடங்கு பெருகுகிறது. எத்தனை இடம் வேண்டும் என்று முன்கூட்டியே எங்கும் எழுதி வைக்கவில்லை. நெரிசல் வந்தபின் அதை அளந்து இடத்தைக் கூட்டுகின்றன அந்தப் புரதங்கள். உயிரின் ஒழுங்கு ஒரு வரைபடத்தைப் பார்த்துக் கட்டியது என்ற எண்ணத்தை இதற்குப் பிறகும் பற்றிக்கொண்டிருப்பது கடினம்.

அப்படியானால் மரபணு எதற்கு, எல்லாப் புரதங்களையும் எழுதி வைத்திருப்பது அதுதானே என்ற மறுப்பு இங்கே எழும். எழுதி வைத்திருப்பது உண்மை. ஆனால் எண்டோபிளாச வலையை வெறும் மரபணுவிலிருந்து யாரும் கட்டியதில்லை, செல்லும் கட்டுவதில்லை. தாய்ச் செல்லிலிருந்து ஒரு பகுதி வலை மகள் செல்லுக்கு வருகிறது; அதன்மேல்தான் புதியது வளர்கிறது. கோல்கை உறுப்பு பாலூட்டிகளில் செல் பிரியும்போது துண்டு துண்டாகி, பிறகு இரு மகள் செல்களிலும் மறுபடி கூடுகிறது. சிதைவதற்கு அடையாளம் இடுவதும், திரும்பக் கூட்டுவதும் புரதங்களின் வேலை. மரபணு செய்முறையைத் தரலாம். அதைச் செய்து பார்க்க ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அடுப்பு வேண்டும். முத்து வளர்ப்பவர்கள் கொடைச் சிப்பியிலிருந்து உயிருள்ள சவ்வுத் துண்டை எடுத்து, காய்ந்துவிடாமல் காத்து வைப்பது இதனால்தான். முத்தின் நிறமும் தரமும் பெரிதும் அந்தக் கொடைச் சிப்பியைச் சார்ந்தே இருக்கின்றன.

மன்னார் வளைகுடாவில் 1955-இல் தொடங்கி 1961 வரை நடந்த சலாபங்களுக்கு, அதாவது முத்துக்குளிப்புப் பருவங்களுக்கு, பிறகு தூத்துக்குடியின் பார்களில், அதாவது சிப்பிகள் வாழும் கடலடித் தளங்களில், பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1981-இல் தூத்துக்குடி ஆய்வுக்கூடத்தில் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிக்கவைத்தார்கள், பிறகு பார்களில் விட்டும் பார்த்தார்கள். பார்களில் சிப்பி எத்தனை என்று எண்ணுவது அவசியம்தான். ஆனால் கடல் சூடேறும்போது புரதங்களின் மடிப்பும் தடுமாறும். பசிபிக் சிப்பியின் மரபணுத் தொகுதி 2012-இல் வெளிவந்தபோது, வெப்பத்தில் குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் எச்.எஸ்.பி-70 குடும்பத்து மரபணுக்கள் மட்டும் 88 இருப்பது தெரிந்தது. ஓதம் வடிந்தால் வெயிலிலும், ஏறினால் குளிர்ந்த நீரிலும் வாழ வேண்டியவற்றுக்கு அத்தனை காவல் தேவைப்பட்டிருக்கிறது. நம் முத்துச் சிப்பியோ ஆழத்தில் கிடப்பது; அதற்கும் அதே காவல் உண்டு என்று எண்ணிவிட முடியாது. அதன் மேன்டில் செல்களில் எண்டோபிளாச வலை கோடை மாதங்களில் எந்த நிலையில் இருக்கிறது, முத்தடுக்குப் புரதங்கள் எவ்வளவு சுரக்கின்றன என்பதை மாதந்தோறும் பார்த்து, தண்ணீரின் சூட்டோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். பார்களில் அடுத்த முறை சிப்பி விடுவதற்கு முன்பே அந்தப் பதிவு கையில் இருக்க வேண்டும்.